மச்சம் இருந்த பக்கம்

"என் தங்கச்சிக்குப் புத்தி கலங்கிப்போச்சு, ஐயா," என்றான் எர்ஹார்ட்.

பல்தசார் நிமிரவில்லை. அண்டாவில் எலும்புப் பசை கொதித்துக்கொண்டிருந்தது. கிண்டுகிற கை நின்றால் அடிப்பிடித்துவிடும்.

இந்தப் பல்தசார் ஒரு காலத்தில் பாதிரியார். பிஷப்போடு சண்டை போட்டு வெளியே வந்தார். போப்பாண்டவர் வேண்டாம், மடம் வேண்டாம், புனிதர்கள் படமும் வேண்டாம் என்று ஜெர்மன் ஊர்களெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் கட்சியில் போய்ச் சேர்ந்தார். அங்கேயும் சண்டை போட்டார். இரண்டு கட்சிக்காரர்களும் ஒத்துப்போன ஒரே விஷயம், இந்த ஆளைப் பிரசங்க மேடையில் ஏற்றக் கூடாது என்பதுதான்.

ஆகவே மதிலுக்கு வெளியே, ஆற்றோரம் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு காகிதப் பட்டறைகளுக்குப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். நாற்றம் தாங்காமல் மனிதர்கள் கிட்டே வருவதில்லை. அது அவருக்குச் சௌகரியமாகவே இருந்தது.

எர்ஹார்ட் மட்டும் விடாமல் வருவான். மரக்கட்டையில் படம் செதுக்குகிறவன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருந்தாலும் அவரைக் குரு என்று பிடித்துக்கொண்டான். அவர் வேண்டாம் என்று திட்டிக்கூடப் பார்த்துவிட்டார்.

"என்ன பண்றா?" என்றார் கடைசியில்.

"முக்காட்டை எடுக்க மாட்டேங்கறா."

"கன்னியாஸ்திரி முக்காடு போட்டா புத்தி கலங்கினதா அர்த்தமா?"

"மடத்தைத்தான் வசந்தத்துலயே மூடிட்டாங்களே, ஐயா. எல்லாரும் முக்காட்டை எடுத்தாச்சு. ரெண்டு பேர் கல்யாணம்கூடப் பண்ணிக்கிட்டாங்க. இந்த மாசக் கடைசியில வர்ற மிக்கேல் திருநாள்லேருந்து முக்காடு போட்டிருக்கிறவ ஊருக்குள்ள இருக்கக் கூடாதுன்னு நகர சபை உத்தரவு. குளிர்காலம் வரப்போவுது. எங்கே போவா? எனக்கு இருக்கிறது அவ ஒருத்திதான்."

"உன் பெண்டாட்டி?"

"அவளும் இருக்கா," என்றான் எர்ஹார்ட்.

பல்தசார் துடுப்பைப் பிடித்த கையை மாற்றிக்கொண்டார்.

"வீட்டுக்குள்ளயும் முக்காடா?"

"வீட்டுக்குள்ளயும்தான். முன்னாடி நெத்தியோட நிக்கும். இப்போ முகத்துக்கு மேல இழுத்து விட்டுக்கறா. சாப்பிடறப்போ சுவரைப் பாத்துத் திரும்பிக்கறா. என்கிட்டப் பேச்சே கிடையாது. நீங்க வந்து ரெண்டு வார்த்தை சொல்லணும். பழைய மதத்துப் பிடிவாதம் இன்னும் போகல."

"ஜெபம் பண்றாளா?"

"இல்ல. அழறா."

"அப்போ பிடிவாதம் இல்ல. வேற என்ன பண்றா?"

எர்ஹார்ட் யோசித்தான். சொல்லலாமா என்று கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"முகம் கழுவற தொட்டியில தண்ணி நிக்க விடமாட்டேங்கறா. என் பெண்டாட்டி எல்ஸ்பெத் நிரப்பி வைப்பா. இவ வந்து கொட்டிக் கவுத்து வெச்சுடுவா. ஈரத்துணியாலதான் முகத்தைத் துடைச்சுக்கறா, அதுவும் கண்ணை மூடிக்கிட்டு. எல்ஸ்பெத் தினமும் கத்தறா. இது புத்தி கலங்கினது இல்லாம வேற என்ன?"

துடுப்பு நின்றது.

அண்டாவின் அடியில் தீய்கிற வாடை வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"இது எப்போலேருந்து?"

"கோடை ஆரம்பத்துலேருந்து."

"கோடை ஆரம்பத்துல நீ என்ன செதுக்கினே?"

"அது வந்து..." என்று இழுத்தான் எர்ஹார்ட்.

*

அவன் என்ன செதுக்கினான் என்று நானே சொல்லிவிடுகிறேன். அவன் சொல்லி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

நல்ல காலத்தில் அவன் செதுக்கிய படங்களில் ஊரே கொண்டாடியது புனித ஒத்திலியா படம். கண்நோய்க்கு அந்தப் புனிதையைத்தான் கும்பிடுவார்கள். திருவிழாவுக்கு வந்தவர்கள் அந்தக் காகிதத்தை வாங்கிப் போய்க் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். படுக்கைத் தலைமாட்டில் ஒட்டினார்கள். அந்தப் படத்துக்கு அவன் வைத்தது தங்கை வால்புர்காவின் முகம். இடக் கன்னத்தில் மச்சம். இடப்பக்கம் லேசாக இழுத்துக்கொள்ளும் உதடு. மடத்து வாசலில் அவளைப் பார்க்கிற பெண்கள் சிரித்துக்கொண்டே, "எங்க வீட்டுச் சுவர்ல நீதானே இருக்கே," என்பார்கள். அவளுக்கு முகம் சிவந்துவிடும்.

பிறகு காற்று மாறியது. அதே ஜனங்கள் அதே காகிதத்தைக் கிழித்து அடுப்பு மூட்டினார்கள். கண்நோய் மட்டும் அப்படியேதான் இருந்தது.

அச்சாபீஸ்காரன் சிக்மண்ட் கெட்டிக்காரன். புனிதர்களை விற்ற அதே கடையில் புனிதர்களை நாறடிக்கிற படங்களை விற்றான். எழுதப் படிக்கத் தெரியாத ஊரில் படம்தான் பிரசங்கம். எர்ஹார்டைக் கூப்பிட்டு, "ஒரு கன்னியாஸ்திரி வேணும்பா. குண்டா, குடிச்சுட்டு, மடியில கழுதைக் குட்டியோட. பாத்ததும் ஜனங்க சிரிக்கணும்," என்றான்.

செதுக்கிக் கொடுத்தான். ஜனங்கள் சிரித்தார்கள். மதுக்கடைச் சுவர், சந்தைக் கம்பம், கசாப்புக்கடைக் கதவு என்று எங்கே பார்த்தாலும் அவளும் கழுதையும்தான்.

*

"அதுவா?" என்றார் பல்தசார். "அது உன் கை வேலையா?"

"ஆமாம்."

"நானும் பாத்தேன். சிரிச்சேன்."

எர்ஹார்டுக்கு அதைக் கேட்டுக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தக் கேவலத்தை மறைத்து எனக்கென்ன ஆகப்போகிறது.

"அது யார் முகம்?" என்றார் அவர்.

எர்ஹார்ட் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தான்.

"கேட்டேனே."

"எனக்கு அந்த உடுப்புல வேற முகம் வராது, ஐயா. எத்தனையோ வரைஞ்சு பாத்தேன். எல்லாம் செத்த முகமா இருந்துது. சிக்மண்ட் வேண்டாம்னுட்டான். அப்புறம் கை தானா வால்புர்கா முகத்துக்குப் போயிடுச்சு. ஆனா நான் ஜாக்கிரதையா இருந்தேன்."

"என்ன ஜாக்கிரதை?"

"எங்க தொழில்ல எல்லாம் திருப்பித்தான் செதுக்கணும். கட்டையில வலப்பக்கம் இருக்கிறது காகிதத்துல இடப்பக்கம் விழும். ஒத்திலியா படத்துக்கு முகத்தைத் திருப்பிப் போட்டுச் செதுக்கினேன். காகிதத்துல அச்சா அவளே வந்தா. ஊரே அடையாளம் கண்டுக்கிச்சு. இந்தத் தடவை திருப்பல. எதிர்ல உக்காந்து பாக்கிற மாதிரியே கட்டையில இறக்கிட்டேன். காகிதத்துல மச்சம் அந்தப் பக்கம் போயிடுச்சு. உதடும் அந்தப் பக்கம் இழுத்துது. ஆளே வேற. உடம்பையும் ஊதிப் பெருசாக்கிட்டேன்."

"யாருக்கும் தெரியல."

"ஒருத்தருக்கும் தெரியல, ஐயா. எங்க வீட்டுலயே தெரியல. எல்ஸ்பெத் அதை வெச்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. நீங்க அவளுக்கு நற்கருணை கொடுத்தவர், உங்களுக்கே தெரியலையே. என் தங்கச்சியை நான் காட்டிக் கொடுக்கல."

"வால்புர்கா பாத்தாளா?"

"பட்டறையில கொடி கட்டிக் காயப் போட்டிருந்தேன். பாத்திருப்பா. பாத்தா என்ன? பாத்துக்கிட்டே இருந்தவங்களுக்கே தெரியாதது அவளுக்கு எப்படித் தெரியும்?"

பல்தசார் அண்டாவைப் பார்த்தார். பசை கரிந்து போயிருந்தது. அடுப்பிலிருந்து கட்டைகளை இழுத்துப் போட்டார்.

"நீங்க வரீங்களா? அவகிட்டப் பேசறீங்களா?"

"மாட்டேன்."

"ஐயா..."

"வீட்டுக்குப் போ. உன் முகத்தைச் செதுக்கு."

எர்ஹார்ட் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தான்.

"என் முகத்தையா?"

"உன் முகத்தைத்தான். உனக்கு எப்படித் தெரியுமோ அப்படியே காகிதத்துல விழணும். தொழில் தந்திரம் எதுவும் பண்ணாதே. அச்சடிச்சு நாலு பேர்கிட்டக் காட்டிட்டு வா."

"மிக்கேல் திருநாள் நெருங்கிடுச்சு. தங்கச்சியைத் தெருவுல விடப் போறாங்கன்னு உயிர் போகுது எனக்கு. நீங்க விளையாடறீங்க."

"அப்போ செதுக்காதே," என்று சொல்லிவிட்டு அவர் கரிந்ததைச் சுரண்ட ஆரம்பித்தார்.

*

திட்டிக்கொண்டேதான் போனான். வழியெல்லாம் திட்டினான். ஆனாலும் பேரிக்காய் மரக்கட்டை ஒன்றை எடுத்து இழைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

கண்ணாடி அந்த ஊரில் பணக்காரர்கள் வீட்டில்தான் இருக்கும். எர்ஹார்ட் பட்டறை ஜன்னலோரம் வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டுதான் சவரம் செய்வான். அந்த வாளியையே முன்னால் வைத்துக்கொண்டான். ஒரு பக்கம் சாய்ந்த மூக்கு. புருவத்தில் உளி தெறித்த தழும்பு. தண்ணீரில் இருக்கிற முகம் அப்படியே காகிதத்தில் விழ வேண்டும் என்று, கட்டையில் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு நிதானமாகச் செதுக்கினான்.

கூடத்தில் வால்புர்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எல்ஸ்பெத் நிரப்பி வைத்த தொட்டி கவிழ்ந்து கிடந்தது.

மை தடவி, காகிதம் வைத்து, அழுத்தி எடுத்தான். ஈரம் மினுங்க அவனே அவனைப் பார்த்தான். இத்தனை நல்ல வேலை செய்து வெகு நாளாயிற்று என்று தோன்றியது.

எல்ஸ்பெத்திடம் காட்டினான்.

"யாரு இது?" என்றாள்.

"நல்லாப் பாரு."

"உங்க சித்தப்பா மகனா? அந்தக் கொல்லன்?"

"நான்டீ."

அவள் படத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "சாயல் இருக்கு," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். புருஷன் மனம் கோணக் கூடாது என்று சொன்னது அது.

பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டினான். அவள், வெளியூர் ஆள் போலிருக்கிறது என்றாள்.

சிக்மண்டிடம் கொண்டு போனான். சிக்மண்ட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"அருமையா இருக்குப்பா. பிஷப்போட வரி வசூல்காரன் படம் ஒண்ணு போடணும்னு இருந்தேன். திருட்டுக் களை அப்படியே இருக்கு. கட்டையைக் கொடுத்துட்டுப் போ."

"சிக்மண்ட், அது நான்."

சிக்மண்ட் சிரித்தான். எர்ஹார்ட் கேலி செய்கிறான் என்று நினைத்துக்கொண்டு இன்னும் உரக்கச் சிரித்தான். "உன் மூக்கு அந்தப் பக்கமா சாஞ்சிருக்கு? உன்னை எனக்குத் தெரியாதா?"

*

மிக்கேல் திருநாள் காலையில் எர்ஹார்ட் கொட்டகைக்கு வந்தான். கோபத்தில் மூச்சு வாங்கியது. படத்தைப் பல்தசாரின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"ஊர்ல ஒருத்தனுக்கும் கண்ணு இல்ல. பாருங்க. நீங்களாவது சொல்லுங்க, இது யாரு?"

பல்தசார் பார்த்தார். "தெரியல."

"நான், ஐயா. இது நான்தான். ஒரு மயிரிழை பிசகல. என் முகம் எனக்குத் தெரியாதா? இவங்க யாரு சொல்றதுக்கு? சின்ன வயசுலேருந்து இந்த முகத்தைத்தானே பாக்கறேன்."

"எங்கே பாக்கறே?"

"எங்கேன்னா? தினமும் சவரம் பண்றப்போ தண்ணியில..."

அவன் நிறுத்திவிட்டான்.

படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்பக்கமாகப் பார்த்தான்.

பல்தசார் துடுப்பை எடுத்து மறுபடியும் கிண்ட ஆரம்பித்தார்.

"மடத்துல..." என்றான் எர்ஹார்ட். "மடத்துல கண்ணாடி கிடையாது."

"கிடையாது."

"முகம் கழுவற தொட்டிதான். தண்ணியில அவளுக்கு மச்சம் அந்தப் பக்கம்தான் தெரியும்."

மதுக்கடையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்களில் பல்தசாரும் ஒருவர், அது அவருக்கு மறக்கவில்லை.

"ஊர்ல யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் அப்படிச் செதுக்கினேன்," என்றான் எர்ஹார்ட்.

"ஊர்ல யாருக்கும் தெரியல," என்றார் பல்தசார்.

அப்போது மதில் வாசல் பக்கம் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். காவல்காரன் யாரையோ வெளியே அனுப்பிவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டிருந்தான். ஆற்றோரப் பாதையில் ஒரு பெண் நடந்து வந்தாள். கையில் சின்ன மூட்டை. முகம் தெரியாதபடி முக்காடு.

எர்ஹார்ட் ஓடினான். பாதையை மறித்துக்கொண்டு நின்றான்.

"வால்புர்கா."

அவள் நின்றாள்.

"அந்தப் படம்..." என்று ஆரம்பித்தான். இத்தனை நாளும் தயாராக வைத்திருந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது, யாருக்கும் தெரியாது என்ற வார்த்தை. அதை விழுங்கினான். "அந்தப் படத்தை நீ பாத்தே."

மூட்டையைக் கீழே வைத்தாள். இரண்டு கையாலும் முக்காட்டைத் தூக்கினாள். கோடையிலிருந்து அவன் பார்க்காத முகம். வெளுத்து, ஒடுங்கிப் போயிருந்தது. மச்சம் இருந்த இடத்தில் இருந்தது.

"அந்த முகம் எனக்கு மட்டும்தான் தெரியும், அண்ணா," என்றாள். வெகு நாள் பேசாத குரல் கரகரத்தது. "மடத்துத் தொட்டியில விடியக் காலையில குனிஞ்சு பாப்பேன். பாக்கக் கூடாதுதான். ஆசையாப் பாப்பேன். உலகத்துல வேற யாரும் அந்த முகத்தைப் பாத்ததில்ல. அம்மாகூடப் பாத்ததில்ல. நீயும் பாத்ததில்ல."

"வால்புர்கா, நான் சொல்றதைக் கேளு."

"கடவுள்தான் உனக்குக் காட்டிக் கொடுத்தார்னு தெரிஞ்சுபோச்சு. வேற வழியில்லையே. ஊர் பாக்கிற முகத்தை அவர் காட்டல. நான் திருட்டுத்தனமாப் பாத்துக்கிட்ட முகத்தைக் காட்டியிருக்கார். அதுக்குக் குடியையும் கழுதையையும் சேர்த்துக் காட்டியிருக்கார். என்ன பாவம் பண்ணினேன்னு யோசிச்சு யோசிச்சு அழுதேன். எனக்கு ஒண்ணும் தோணல. நீதான் செதுக்கினே. உனக்குத் தெரிஞ்சிருக்கும். என்கிட்ட எதைப் பாத்து உனக்கு அந்த முகத்தைக் கொடுத்தார்?"

எர்ஹார்ட் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தான். பல்தசார் குனிந்து கிண்டிக்கொண்டிருந்தார்.

"யாரும் கொடுக்கல," என்றான். "கட்டையில திருப்பிப் போடாம செதுக்கிட்டேன். ஊர்ல யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டுடக் கூடாதுன்னு. அதுக்காகத்தான்."

அவள் முக்காட்டைப் பின்னால் தள்ளிக் கழற்றினாள், மடித்தாள், அவன் கையில் வைத்தாள். மூட்டையை எடுத்துக்கொண்டாள்.

"இப்போ வீட்டுக்கு வரலாமே," என்றான் எர்ஹார்ட். "முக்காட்டைத்தான் எடுத்துட்டியே. இனிமே யாரும் உன்னைத் துரத்த மாட்டாங்க. வா, வால்புர்கா."

"ஊர் ஒண்ணும் கேக்காது. அவ்வளவுதானா, அண்ணா?" என்று கேட்டுவிட்டு அவள் ஆற்றோரமாக நடந்தாள்.